கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஓர் ஊர் தயாராவது எப்படி: காலநிலையையும் சுற்றுச்சூழல் நீதியையும் பதிவில் ஏற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

அனல்மின் நிலையம், துறைமுக விரிவாக்கம், வேதித் தொழிற்சாலை போன்ற பெரிய திட்டங்கள் ஓர் ஊருக்கு அருகே வரும்போது, 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பாதிக்கப்படக்கூடிய மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ஊர் எப்படித் தயாராக வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இந்த வழிகாட்டி விளக்குகிறது.

கடலோர ஊர்களிலும் ஏரிப் பாசன ஊர்களிலும் மக்களோடு அமர்ந்து, திட்ட நிறுவனங்கள் இதற்காகத் தயாரிக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் படித்தபோது, புதியவர்கள் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள் என்பதைக் கவனித்தேன். அவர்களுக்குச் செய்தி தெரியாமல் இல்லை. எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் தவறிப்போகிறது.

தொடங்குவதற்கு முன் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், ஊரின் நீர்வழிகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், கூலி வேலைக்கோ மீன் தொழிலுக்கோ போகும் பெண்கள் குறைந்தது இருவர், கையெழுத்துத் திருத்தமாக உள்ள ஒருவர் இருந்தால் போதும். தலைவர்கள் மட்டுமே கூடிய குழு இந்த வேலைக்கு உதவாது. அதன் காரணம் மூன்றாம் படியில் விளங்கும்.

1. திட்டத்தின் பிரிவையும் கட்டத்தையும் உறுதிசெய்யுங்கள்

‘ஏ’ பிரிவுத் திட்டங்களை ஒன்றிய அரசின் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவும், ‘பி’ பிரிவுத் திட்டங்களை மாநில நிபுணர் குழுவும் பரிசீலிக்கின்றன. ‘பி’ பிரிவுக்குள் ‘பி2’ என வகைப்படுத்தப்பட்டால் விரிவான அறிக்கையும் இல்லை, கூட்டமும் இல்லை. கட்டடத் திட்டங்கள் போன்ற சில வகைகளுக்கும் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே கூட்டம் நடக்கும் என்று காத்திருக்கத் தொடங்கும் முன், அது சட்டப்படி நடக்க வேண்டிய கூட்டம்தானா என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பாருங்கள்.

அதே இணையதளத்தில், அறிக்கை எழுதப்படுவதற்கு முன்பே ‘ஆய்வு வரையறைகள்’ என்ற ஆவணம் வெளியாகும். அறிக்கை எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. வரையறையில் கேட்கப்படாததை, அறிக்கையை எழுதும் ஆலோசனை நிறுவனம் தானாக முன்வந்து ஆராய்வது அரிது. வெள்ளம், கடல்மட்ட உயர்வு, ஏற்கெனவே உள்ள ஆலைகளின் கூட்டு மாசு ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லி நிபுணர் குழுவுக்கு இந்தக் கட்டத்திலேயே கடிதம் எழுதினால், பிற்பாடு நடக்கவேண்டிய வாதத்தில் பெரும்பகுதி தேவைப்படாது. பெரும்பாலான ஊர்களுக்கு இந்தக் கட்டம் கடந்த பிறகே திட்டத்தைப் பற்றித் தெரியவருகிறது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

2. அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆவணங்களைத் திரட்டுங்கள்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவிப்பு வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பொதுத் தகவல் அலுவலர் பதில் தருவதற்கான காலமும் 30 நாள்தான். அறிவிப்பைப் பார்த்த பிறகு மனுப் போட்டால், பதில் கூட்டத்தன்றோ அதற்குப் பிறகோதான் கைக்கு வரும். நான் அதிகம் பார்த்த தவறு இதுவே.

எனவே திட்டத்தைப் பற்றிய முதல் பேச்சு காதில் விழுந்த உடனேயே மனுக்களை அனுப்பிவிடுங்கள். கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணும் எந்த வகை நிலம் என்று காட்டும் ‘அ’ பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றைப் பாருங்கள். ‘அ’ பதிவேட்டு விவரத்தைத் தமிழ்நிலம் இணையதளத்திலேயே புல எண் கொடுத்துப் பார்க்கலாம். ஏரி, வாய்க்கால், மதகு விவரங்களை நீர்வளத் துறையிடம் கேளுங்கள். கடலோர ஊராக இருந்தால் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தை எடுத்து, படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம், மீனவர் குடியிருப்பு ஆகியவை அதில் குறிக்கப்பட்டுள்ளனவா என்று சரிபாருங்கள்.

பலர் மறந்துவிடும் ஆவணம் ஒன்று உண்டு. கடந்த வெள்ளங்களின்போது வட்டாட்சியர் அலுவலகம் தயாரித்த நிவாரணப் பட்டியலைக் கேளுங்கள். ‘இந்தத் தெருவில் வெள்ளம் வந்தது’ என்று ஊரார் சொல்வதை வெறும் வாய்ச்சொல் என்று ஒதுக்கலாம். அரசே நிவாரணம் கொடுத்த தெரு என்பதை அப்படி ஒதுக்க முடியாது.

3. அறிக்கையைத் திறக்கும் முன் ஊரின் சொந்த வரைபடத்தை வரையுங்கள்

அறிக்கையை முதலில் படித்தால், அதில் உள்ளவற்றைப் பற்றி மட்டுமே யோசிப்பீர்கள். அதில் இல்லாதவைதான் பெரும்பாலும் முக்கியமானவை. ஆகவே ஊர் தன் வரைபடத்தை முதலில் முடித்துவிட வேண்டும்.

கிராம வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, யாருடைய பிழைப்பு எந்த இடத்தில், எந்த மாதத்தில் நடக்கிறது என்று குறியுங்கள். பட்டா உள்ளவர்களின் நிலம் எப்படியும் கணக்கில் வந்துவிடும். பட்டா இல்லாதவர்களை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதமாட்டார்கள். எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் சேற்று நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை, நிலமும் இல்லை. படகுகளை எண்ணி மீனவரைக் கணக்கிடும் அறிக்கையில் அவர்கள் இல்லாதவர்களாகவே ஆகிவிடுகிறார்கள். மேய்க்கால் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர், விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுபவர், உப்பளத் தொழிலாளர், கருவாடு காயவைக்கும் மூதாட்டி ஆகியோரின் நிலையும் இதுதான்.

அறிக்கையில் ‘தரிசு’ என்றோ ‘பயன்பாடற்ற நிலம்’ என்றோ எழுதப்படும் இடங்கள் பெரும்பாலும் இவர்களுடைய இடங்களே. சுற்றுச்சூழல் நீதி என்று சொல்லும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: யார் கணக்கில் வருகிறார், யார் வரவில்லை.

இதற்காகப் பெண்களோடும் கூலித் தொழிலாளரோடும் தனியே, அவர்கள் வேலை முடித்து வரும் நேரத்தில் அமருங்கள். ஊர்க்கூட்டத்தில் வைத்துக் கேட்டால், பெரியவர்கள் முன்னிலையில் பலர் வாய் திறக்கமாட்டார்கள். பட்டியல் சாதியினர் குடியிருப்பு பல ஊர்களில் தாழ்வான பகுதியில் இருக்கும். நீர் முதலில் புகும் இடமும் அதுவாகவே இருக்கலாம். அந்தக் குடியிருப்பில் நடத்தும் அமர்வைப் பொதுக்கூட்டத்தோடு சேர்த்து முடித்துவிடாதீர்கள்.

கடைசியாக, ஏற்கெனவே உள்ள சுமைகளைக் குறியுங்கள்: புகைபோக்கிகள், கழிவுநீர் வாய்க்கால்கள், சாம்பல் குளங்கள், லாரிகள் ஓடும் சாலைகள். புதிய திட்டத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதன் மாசு வரம்புக்குள் இருப்பதாகக் காட்டலாம். ஏற்கெனவே சுமக்கும் ஊரின் மேல் அதை ஏற்றும்போது கணக்கு வேறாகிறது.

4. வெள்ளத்தின் குறிகளை அளந்து பதிவுசெய்யுங்கள்

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் அது பதிவில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். உங்கள் ஊரின் சுவரில் நீர் நின்ற உயரத்தை அளந்து சொன்னால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடந்த பெருவெள்ளங்களில் நீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாள் வடியவில்லை, எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கம் போனது என்பவற்றை வீடு வீடாகக் கேட்டு, அளவு நாடாவால் அளந்து, இடக்குறியோடு படம் எடுங்கள். ஒரே வெள்ளத்துக்குக் குறைந்தது பத்து வீடுகளின் அளவு இருக்க வேண்டும். ஒன்றிரண்டு அளவுகளைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது எளிது.

பிறகு அறிக்கை எந்த மழைக் கணக்கைப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பல்லாண்டுச் சராசரியைக் கொடுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளும் அறிக்கைகள் பல. சராசரியில் வெள்ளம் தெரியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். வடிகாலை எந்த அளவு மழைக்கு வடிவமைத்தீர்கள், ஒரு மணி நேர மழை எவ்வளவு என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இன்னும் முக்கியமானது ஒன்றுண்டு. திட்டம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு ஒவ்வொன்றும் யார் மேல் சுமையை இறக்குகிறது என்று தேடுங்கள். வெள்ளத்துக்கு அஞ்சி ஆலை தன் தரையை மண் கொட்டி இரண்டு மீட்டர் உயர்த்தினால், இதுவரை அங்கே பரந்து நின்ற நீர் வேறெங்கோ போக வேண்டும். அது போகும் இடம் பக்கத்துத் தெருவாக இருக்கும். தரை உயர்த்தப்படுகிறது என்ற செய்தி ‘திட்ட விவரம்’ அத்தியாயத்தில் ஒரு வரியாக இருக்கும். வெள்ள அபாயம் வேறோர் அத்தியாயத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வேலை உங்களுடையது.

கடற்கரையிலும் இப்படித்தான். தமிழகத்தின் கிழக்குக் கரையோரம் மணல் ஆண்டுக் கணக்கில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் கண்ணெதிரே உள்ள சான்று. கடல்மட்டமும் உயர்ந்துவரும் நிலையில், சுவருக்கு வடக்கே உள்ள குப்பங்கள் அறிக்கையில் எத்தனை இடங்களில் பெயரோடு வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

வெள்ளமும் ஆலையும் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்பதையும் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, வீடுகளிலும் வலைகளிலும் அலையாத்திகளிலும் படிந்தது. அறிக்கையின் ‘இடர் மதிப்பீடு’ பகுதி தீ, கசிவு என்று தனித்தனியாகப் பேசும். மின்சாரம் இல்லாமல், சாலை மூழ்கிய இரவில் அதே கசிவு நேர்ந்தால் மக்களை எந்த வழியாக வெளியேற்றுவது என்று பெரும்பாலும் பேசாது.

5. அறிக்கையை இந்த வரிசையில் படியுங்கள்

முழு வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் முதலிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்கும். தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவது பெரிய தவறு. சிக்கலான எண்கள் முழு அறிக்கையின் இணைப்புகளில்தான் இருக்கும்.

முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ஆய்வு வரையறைகளுக்கு இணங்கியதைக் காட்டும் அட்டவணையை எடுத்து, கேட்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் குறிக்கப்பட்ட பக்கத்தில் உண்மையாகவே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இணங்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் பதிலாகாது.

அடுத்து அடிப்படைத் தரவு, அதாவது திட்டம் வருமுன் உள்ள காற்று, நீர், உயிரினங்களின் நிலை, எடுக்கப்பட்ட மாதங்களைப் பாருங்கள். பொதுவாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம், அதாவது மூன்று மாதங்கள், ஆய்வுக்குப் போதும் என்று ஏற்கப்படுகிறது. நான் படித்தவற்றில் பல, மார்ச் முதல் மே வரை எடுக்கப்பட்டவை. நமக்கு வெள்ளமும் வலசைப் பறவைகளும் வருவது அக்டோபரிலிருந்துதான். வறண்ட மாதத்தில் நடந்து பார்த்தவருக்கு ஓடை வெறும் பள்ளமாகத்தான் தெரியும்.

பிறகு, காற்றுத் தர நிலையங்கள் எங்கே வைக்கப்பட்டன என்பதை உங்கள் வரைபடத்தில் குறியுங்கள். காற்று வீசும் திசையில் உள்ள குடியிருப்பு விடுபட்டிருக்கலாம். 10 கிலோமீட்டர் சுற்றளவு வரைபடத்தில் உங்கள் ஏரியும் பள்ளியும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஊருக்குச் சம்பந்தமில்லாத ஆற்றின் பெயரோ, அங்கே இல்லாத உயிரினமோ வந்தால், வேறோர் அறிக்கையிலிருந்து படியெடுத்த பகுதியாக இருக்கலாம். பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பொய்த் தகவலோ மறைத்தலோ திட்டத்தின் விண்ணப்பத்தை நிராகரிக்கவும், கொடுத்த அனுமதியை ரத்துசெய்யவும் காரணமாகலாம் என்று அந்த 2006 அறிவிக்கையே சொல்கிறது.

மாற்று இடங்களைப் பற்றிய அத்தியாயமும், சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான செலவுப் பட்டியலும் கடைசி. மொத்தப் பரப்பில் இத்தனை சதவீதம் பசுமை வளையம் அமைப்போம் என்ற வாக்குறுதி ஏறக்குறைய எல்லா அறிக்கையிலும் இருக்கும். வெளியேறும் கரிம வாயு ஆண்டுக்கு எவ்வளவு, அந்த மரங்கள் எவ்வளவு ஈர்க்கும், எத்தனை ஆண்டில் வளரும், அவற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கணக்கைக் கேளுங்கள்.

6. கண்டறிந்தவற்றைக் கேள்விகளாக எழுதுங்கள்

‘இந்தத் திட்டம் எங்களை அழித்துவிடும்’ என்று சொல்வதற்கு ஊருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதற்குத் திட்ட நிறுவனம் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பதிலளித்து முடித்துவிட முடியும். ஒவ்வொரு கேள்வியிலும் நான்கு கூறுகள் இருக்கட்டும்: பக்க எண், அங்கே எழுதியிருப்பது, நம்மிடமுள்ள சான்று, நாம் கேட்பது.

ஒரு மாதிரி: “இத்தனையாம் பக்கத்தில், திட்டப் பகுதியில் ஓடை எதுவும் இல்லை என்று கூறப்பட்டுள்ளது. ‘அ’ பதிவேட்டில் இந்தப் புல எண் ஓடைப் புறம்போக்கு என்று உள்ளது. சென்ற வெள்ளத்தில் இவ்வழியே வந்த நீர் எங்கள் குடியிருப்பில் நான்கு அடி நின்றதற்குப் பத்து வீடுகளின் அளவு இணைக்கப்பட்டுள்ளது. தரையை உயர்த்திய பின் இந்த நீர் எவ்வழியாகப் போகும் என்பதற்கான நீரோட்ட ஆய்வை மழைக்காலத்தில் நடத்தி, இறுதி அறிக்கையில் சேர்க்க வேண்டும்.”

ஒரே வாசகத்தை ஐந்நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் அது பதிவில் ஒரே கருத்தாகத் தொகுக்கப்பட்டுவிடும். ஐம்பது பேர் ஐம்பது வெவ்வேறு கேள்விகளை எழுதினால் ஐம்பதுக்கும் பதில் வர வேண்டும். ஆகவே கேள்விகளைத் தொழில்வாரியாகவும் தெருவாரியாகவும் பிரித்துக்கொடுங்கள்.

சட்ட அடிப்படை வேண்டுமென்றால் ஒன்று போதும்: காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை, அரசியல் சாசனத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் வேர்கொண்டது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று அளித்த தீர்ப்பில் கூறியுள்ளது. மனுவின் தொடக்கத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

7. எழுத்து மனுவைக் கூட்டத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள். கூட்டத்தில் கூச்சல் எழுந்து பாதியில் முடிந்தாலும் மனு பதிவில் இருக்கும். வெளியூரில் வேலை செய்யும் ஊர்க்காரர்களும், திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ள பிறரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம்.

8. கூட்ட நாளில் கவனிக்க வேண்டியவை

கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். நிகழ்ச்சி முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை விதி கிடையாது. அதனால் கூட்டத்தைப் புறக்கணித்தால் அது நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். எதிர்ப்பே இல்லாத கூட்டமாகப் பதிவாகிவிடக்கூடும்.

முதலில் பேச வேண்டியவர்கள், மூன்றாம் படியில் தனியே அமர்ந்து பேசிய பெண்களும் தொழிலாளரும்தான். மாலையாகும்போது மேடை அதிகாரிகள் களைத்திருப்பார்கள், பேருந்துக்கு நேரமாகி மக்களும் கலைந்திருப்பார்கள். பேசுபவர் ஒவ்வொருவரும் பெயர், ஊர், தொழில் சொல்லித் தொடங்கி, இரண்டே கேள்விகள் கேட்டு, எழுதியதை மேடையில் கொடுத்துவிட்டு இறங்கட்டும். உங்கள் பக்கத்திலும் ஒருவர் முழுவதையும் எழுதிக்கொண்டும் ஒளிப்பதிவு செய்துகொண்டும் இருக்க வேண்டும்.

கூட்ட முடிவில், சொல்லப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை மக்கள் முன்னிலையில் தமிழில் வாசித்துக்காட்டி, அன்றே தலைமை அலுவலர் கையெழுத்திட வேண்டும். இது விதி. ஒரு கூட்டத்தில், கழிமுகத்தில் இறால் பிடிக்கும் ஒரு பெண் தண்ணீரின் நிறம் மாறிய நாள்களை மிகத் துல்லியமாகச் சொன்னார்; வாசித்த சுருக்கத்தில் அது ‘வேலைவாய்ப்புக் கோரினார்’ என்று மாறியிருந்தது. எங்களில் பத்துப் பேராவது அதுவரை காத்திருந்ததால்தான் அதைத் திருத்தச் சொல்ல முடிந்தது. வாசிப்பு முடியும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம்.

9. கூட்டத்துக்குப் பிறகு நாள்களை எண்ணுங்கள்

நடவடிக்கைக் குறிப்பு ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும், வாரியத்தின் இணையதளத்திலும் வெளியாக வேண்டும். அதை உங்கள் ஒளிப்பதிவோடு வரி வரியாக ஒப்பிட்டு, விடுபட்டவற்றை நிபுணர் குழுவுக்கும் திட்ட நிறுவனத்துக்கும் நேரடியாக எழுதுங்கள். பரிவேஷ் தளத்தில் நிபுணர் குழுவின் கூட்ட நிரலை வாரந்தோறும் பாருங்கள். உங்கள் கேள்விகளுக்கு நிறுவனம் என்ன பதில் சொன்னது என்பது இறுதி அறிக்கையில் இருக்கும். பதில் வராதவற்றின் பட்டியலைக் குழுக் கூடும் முன்பே அனுப்புங்கள்.

அனுமதி வழங்கப்பட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள்வரை ஏற்கப்படலாம்; அதற்கு மேல் ஒரு நாள் தாமதமும் ஏற்கப்படாது. தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. வழக்கறிஞரை அனுமதி வந்த பிறகு தேடாமல், கூட்டம் முடிந்த வாரத்திலேயே கோப்போடு சந்தித்துவிடுங்கள்.

வழக்குப் போடாத ஊர்களுக்கும் வேலை உண்டு. அனுமதியின் நிபந்தனைகள் நிறைவேறினவா என்பதை நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் அரை ஆண்டு அறிக்கையாகத் தர வேண்டும். டிசம்பர் அறிக்கை வரும் நேரம் நமக்கு மழைக்காலத்தின் நடுப்பகுதி. நான்காம் படியில் அளந்த அதே பத்து வீடுகளில் அந்த வாரமே மீண்டும் அளந்து, புதிய அளவுகளைப் பழையவற்றின் அருகில் எழுதி, இரண்டையும் அந்த அறிக்கையோடு சேர்த்து வாரியத்துக்கு அனுப்புங்கள்.